பன்னிரண்டு வருஷமாக நான் இறங்கி ஆடும் கல்லூரி மைதானம்

கிரவுண்டுக்குள் நுழைந்ததும் சுண்ணாம்புக் கோடு புதிதாக இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும். கோடு பளிச்சென்று இருந்தால் அன்றைக்கு ஆட்டம் உண்டு. மங்கிக் கிடந்தால் ஒரு வாரமாக யாரும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன கலை அறிவியல் கல்லூரி இது. 2008-லிருந்து 2011 வரை அங்கே கணிதம் படித்தேன். 2016-லிருந்து அங்கேயே பாடம் நடத்துகிறேன். மாணவியாக மூன்று வருஷம், ஆசிரியையாக ஒன்பது வருஷம் அந்த மண்ணில் ஆடியிருக்கிறேன். பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் விளையாட்டு வசதி எப்படி என்று கேட்கும்போதெல்லாம் அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறேன். முழுதாகச் சொல்ல இப்போதுதான் நேரம் கிடைத்தது.

எங்கள் கல்லூரிக்கு உயிர் பூப்பந்துக் களம்தான். ஷட்டிலைச் சொல்லவில்லை. மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து அணிக்கு ஐந்து பேராக ஆடும் பால் பேட்மிண்டனைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் என்பதால் எங்கள் பக்கம் அதற்கு இன்னும் தனி மரியாதை உண்டு. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், இரண்டு கம்பம், ஒரு வலை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஆடலாம். சின்ன கல்லூரிக்கு இதைவிடத் தோதான ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ஷட்டில் காக் ஐந்து கிராம் சுமாருக்குத்தான் இருக்கும், வயல் பக்கமிருந்து சாயங்காலக் காற்று வீசினால் வேலிக்குப் போய்விடும். கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் வரை இருப்பதால் காற்றுக்குத் தாங்கும். ஈரம்தான் ஆகாது. ஐப்பசியில் நனைந்த தரையில் நாலு தடவை உருண்டால் போதும், தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். அப்புறம் மட்டை நரம்பு தாங்காது.

எங்கள் மண் களிமண். கோடையில் விரல் நுழைகிற மாதிரி வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செம்மண் கொட்டி, நாள் தவறாமல் பார்த்துக்கொண்டால்தான் ஆட முடியும். நான் படித்த காலத்தில் அதற்கென்றே மார்க்கர் அண்ணன் ஒருவர் இருந்தார். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் தெளிப்பார். கொஞ்சம் காய்ந்ததும் வெறுங்காலால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார். கட்டைவிரல் தடம் பதிய வேண்டும், பாதத்தில் சேறு ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்தால், "இப்ப இழுக்கலாம் பாப்பா" என்று ரோலரைத் தள்ளிக்கொண்டு வருவார். முந்தினால் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு வரும், பிந்தினால் பொருக்குத் தட்டும். அப்புறம் நாலு மூலையிலும் ஆணி அடித்துக் கயிறு கட்டுவார். அடியில் ஓட்டை போட்ட டால்டா டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிற்றோரமாகத் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பார். மூலை கோணிவிட்டதா என்று பார்க்கக் குறுக்காக இரண்டு பக்கமும் கயிற்றாலேயே அளப்பார். வகுப்பில் மூலைவிட்டம் என்று வந்தால் நான் இப்போதும் அந்தக் கயிற்றைத்தான் சொல்கிறேன். 24-க்கும் 12-க்கும் 26 மீட்டர் 83 சென்டிமீட்டர். அவர் கணக்குப் போட்டதில்லை, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

2018-ல் அவர் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. ஒரே வருஷத்தில் பின்கோட்டு ஓரம் முழுக்கக் கோரை முளைத்துவிட்டது, நெருஞ்சி முள் வேறு. அடுத்த கோடையில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி வெடிப்பில் கால் மாட்டி விழுந்து, ஆறு வாரம் கட்டோடு வகுப்புக்கு வந்தாள். பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று நிர்வாகம் சொன்னது. அந்த வருஷம் பணம் வந்தது, ஆனால் அதில் மல்டி ஜிம் வாங்கினார்கள். ஒரு ஆளின் சம்பளமும் இரண்டு லோடு செம்மண்ணும் அன்றைக்குக் கிடைத்திருந்தால் இருநூறு பிள்ளைகள் ஆடியிருப்பார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மல்டி ஜிம்மைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாம் வருஷமே ஒரு கேபிள் அறுந்தது, சீட்டு கிழிந்தது, பழுது பார்க்க ஆள் திருச்சியிலிருந்து வர வேண்டும். பயன்படுத்துவது பத்துப் பன்னிரண்டு பையன்கள். ஆடிட்டோரியத்துக்குள் கோடு போட்ட ஷட்டில் கோர்ட்டும் அப்படித்தான். டைல்ஸ் தரை வழுக்கும். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு மேஜைகள் உள்ளே வந்துவிட்டால் மாதக் கணக்கில் பூட்டுதான்.

கபடிப் பையன்கள் மண்ணில் பழகிவிட்டு, போட்டிக்குப் போன இடத்தில் ஷூ மாட்டிக்கொண்டு மேட் விரிப்பின்மேல் ஆட வேண்டியிருக்கிறது. முதல் பத்து நிமிஷம் கால் தரையில் நிற்பதில்லை. ஒரு மேட் வாங்கினால் அதை விரிக்க ஒரு கூரையும் வேண்டும் என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் படித்தபோது கல்லூரி பஸ் நாலு பத்துக்குக் கிளம்பிவிடும். வகுப்பு முடிவது மூன்றே முக்காலுக்கு. அதற்குள் என்ன ஆட முடியும்? பஸ்ஸை விட்டால் கையில் காசு வேண்டும், வீட்டில் பதிலும் சொல்ல வேண்டும். 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு என் கண் முன்னால் மாற்றம் நடந்தது. அஞ்சரை மணி வெள்ளை போர்டு பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் மேடம் என்று முதலில் நாலு பேர் நின்றார்கள். இப்போது பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். உடை மாற்ற ஒரு அறை வேண்டும் என்று மூன்று வருஷம் கேட்டு, பழைய ஆய்வக ஸ்டோரைத் தாழ்ப்பாள் போட்டு வாங்கினோம். பக்கத்துக் கழிவறையில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. எண்ணிக்கை நாலிலிருந்து பதினெட்டானதில் அந்தத் தாழ்ப்பாளுக்கும் தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு.

மழைக்காலத்தில் கேரம்தான். மகளிர் ஓய்வறையில் இரண்டு போர்டு. ஒன்று ஈரம் ஏறி மூலையில் உப்பியிருக்கிறது, காய் அங்கே போனால் திசை மாறும். 2024 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார் அல்லவா, அதற்கடுத்த வாரம் அந்த அறையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நல்ல போர்டைப் பிடிக்க ஏழரை மணிக்கே வந்தார்கள்.

களத்தை இப்போது பார்த்துக்கொள்வது பூப்பந்து அணிப் பிள்ளைகள்தான். மார்க்கர் அண்ணன் இரண்டு நாள் வந்து, பதம் பார்ப்பது எப்படி, ரோலரைத் திருப்புவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, முடிச்சுப் போட்ட அந்தக் கயிற்றையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார். செம்மண் வருஷத்துக்கு ஒரு லோடு பழைய மாணவர்கள் போடுகிறார்கள். ஸ்டோர் ரூமுக்கு ஒரே சாவிதான் இருந்தது. உடற்கல்வி இயக்குநர் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் வலையும் பந்தும் உள்ளேயே கிடக்கும். சண்டை போட்டு இரண்டாவது சாவி வாங்கி, எங்கள் துறை மேஜையில் வைத்திருக்கிறேன்.

சேர்க்கைக்குப் பார்க்க வருகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்து ஜிம்மை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். சாயங்காலம் நாலரைக்கு வாருங்கள். புதன், வெள்ளி என்றால் நானும் களத்தில் இருப்பேன். உங்கள் பெண்ணை அழைத்து வந்தால் ஒரு செட் ஆடிப் பார்க்கட்டும். மட்டை எடுத்து வர வேண்டாம், ஸ்டோரில் இருக்கிறது.