கிராங்க்கேஸ் காற்றை இழுக்க: புகைக்குழாயா, பெல்ட் பம்பா?

என்னிடம் இருப்பது 1974 மாடல் செவ்ரோலே நோவா. உள்ளே 350 கன அங்குல வி8. டெக்சஸில் வார இறுதிகளில் கால் மைல் பிராக்கெட் ரேஸ் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கிற வண்டி. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் சொட்டும். இந்தக் காலத்து எஞ்சின்களில் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டாக இருக்கும். 1986-லிருந்துதான் ஒரே வளையமாக மாறியது. அதனால் சீலைத்தான் திட்டினேன். இரண்டு தடவை மாற்றியும் பார்த்தேன். மூன்றாவது தடவை ஆயில் பான் அடியில் படுத்திருந்தபோதுதான் புத்தி வந்தது: கோளாறு சீலில் இல்லை, அதை உள்ளிருந்து தள்ளுகிற அழுத்தத்தில்.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுற்றுகிற அடிப்பெட்டிக்குள், இறங்கத்தான் செய்யும். ஆறாயிரம் ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டரில் அது இறங்குகிற வேகத்துக்கு வால்வ் கவர் மேலிருக்கும் சின்ன ப்ரீதர், அதாவது காற்றுப்போக்கி, ஈடுகொடுக்காது. சாலை வண்டிகளில் இந்த வாயுவை இன்டேக் மேனிஃபோல்டே பிசிவி வால்வ் வழியாக இழுத்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் 1960-களின் தொடக்கத்திலேயே புதுக் கார்களுக்கு இது வந்துவிட்டது. ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டில் இழுவையே இருக்காது. நமக்குத் தேவைப்படுகிற அந்தப் பத்துப் பதினைந்து வினாடியில் பிசிவி தூங்கிவிடும். அதை இதோடு விட்டுவிடலாம்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, வெளியேறும் புகையின் வேகத்தையே வைத்து இழுப்பது. இன்னொன்று, கிராங்கிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுகிற, காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். என் நண்பர் ஒருவர், ஏறக்குறைய இதே எஞ்சினுக்கு, இரண்டாவதைப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் என்றாலும், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

பழைய பூச்சி மருந்துக் கைப்பம்பு ஞாபகம் இருக்கிறதா? தண்டைத் தள்ளினால் காற்று ஒரு சின்னக் குழாயின் வாய்மேல் சீறிக்கொண்டு போகும். டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறி வரும். இதுவும் அதே வித்தைதான். நான்கு சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் ஹெடர் குழாய்கள் ஒன்று சேர்கிற கலெக்டரில் ஒரு சின்ன எஃகுக் குழாயைச் சாய்வாக வெல்டிங் செய்கிறோம். அதன் உள்முனை 45 டிகிரியில் வெட்டப்பட்டு, வெட்டுவாய் புகை போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். புகை அந்த முனையைத் தாண்டி ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. புகை சீராகவும் வராது, துடித்துத் துடித்து வரும்; ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு இழுவை, முன்னால் ஒரு தள்ளல். தள்ளலைத் தடுத்து இழுவையை மட்டும் விடுவதற்கு நடுவில் ஒரு செக் வால்வ். அங்கிருந்து ரப்பர் ஹோஸ் வால்வ் கவருக்குப் போகும். இரண்டு பக்க ஹெடருக்கும் ஒவ்வொரு செட். அவ்வளவுதான் மொத்தச் சாமானும்.

இந்தச் செக் வால்வ் ரேஸுக்காகப் பிறந்ததே இல்லை. 1960-களில் புகை மாசைக் குறைக்க எக்சாஸ்டுக்குள் காற்றை ஊதுகிற பம்ப் வந்ததே, அதில் புகை பம்புக்குத் திரும்பாமல் இருக்க வைத்த வால்வ் இது. அந்தப் பம்பையே காயலான் கடையிலிருந்து கழற்றி வந்து, திருப்பிப் போட்டு, வேக்கம் பம்பாக ஓட்டியவர்களும் உண்டு. எண்ணெய் ஆவியைத் தாங்குவதற்கு அது செய்யப்படவில்லை என்பதால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மலிவு என்பதைத் தவிர அதைச் சிபாரிசு செய்ய எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, எவ்வளவு இழுக்கிறது? எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயில் கேஜ் மாட்டிப் பார்த்தேன். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஓட்டத்தின் மேல் பாதியில் வேக்கம் பாதரசக் கணக்கில் 3 அங்குலத்தைச் சுற்றி நின்றது. நண்பரின் பம்ப் அதே இடத்தில் 12 அங்குலம் காட்டுகிறது. இழுவைக்கு வரம்பு வைக்கிற ரிலீஃப் வால்வைத் திருகினால் இன்னும் ஏறும். அளவை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் அந்த 12 அங்குலத்தை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பம்ப் தருகிற குதிரைத்திறனில் பெரும்பங்கு பம்பிலிருந்து நேரடியாக வருவதில்லை, ரிங்கிலிருந்து வருகிறது. எண்ணெய் ரிங் சிலிண்டர் சுவரில் உரசுவது எஞ்சினுக்குள் இருக்கும் பெரிய உராய்வுகளில் ஒன்று. கீழே நல்ல வேக்கம் இருந்தால், இறுக்கம் குறைந்த ரிங் போட்டாலும் எண்ணெய் மேலே ஏறாது. அந்தத் தளர்வில்தான் லாபம். நண்பர் எஞ்சினைப் பிரித்து அந்த ரிங்குகளோடு கட்டியிருக்கிறார். அவருக்குப் பம்ப் நியாயமான செலவு. என் எஞ்சினில் இருப்பது சாதாரண இறுக்கமுள்ள ரிங். அதன் அடியில் 12 அங்குலம் இழுத்தால், பம்பைச் சுற்றுகிற செலவு போகக் கையில் மிஞ்சுவது சொற்பம். எனக்கு வேண்டியது அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய், சீல் கசியாமல் இருப்பது. அதற்கு 3 அங்குலம் போதும். அதிகமாக இழுத்தால் வேறு தலைவலிகளும் வரும். எண்ணெய் அடியிலேயே தேங்குகிற சாதாரண சம்ப் உள்ள எஞ்சினில் 15 அங்குலத்தைத் தாண்டினால், தெறிக்கும் எண்ணெயை நம்பியிருக்கிற பிஸ்டன் பின்கள் காய ஆரம்பிக்கும். எண்ணெய் வெளியே போகாமல் தடுக்க உதடு திருப்பி வைத்த முன்பக்க சீல், வெளிக்காற்றை உள்ளே விடத் தொடங்கும். அதனால்தான் சிலர் அதைத் திருப்பிப் போடுகிறார்கள்.

பிராக்கெட் ரேஸில் இன்னொரு கணக்கும் உண்டு. என் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று நானே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். அதிகபட்ச சக்தியைவிட ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். பெல்ட் இல்லாத ஏற்பாட்டில் பெல்ட் அறுந்து போவதில்லை.

இப்போது பராமரிப்புக்கு வருகிறேன். புகைவழி இழுவையின் உயிர் அந்தச் செக் வால்வில் இருக்கிறது. பல நூறு டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகடு அது, ஒருநாள் கெட்டே தீரும். கெடுவதும் இரண்டு விதம். திறந்தபடி நின்றுவிட்டால் புகை கிராங்க்கேஸுக்குள் திரும்பி வரும். எண்ணெய் சீக்கிரம் கறுக்கும், ஈரமும் அமிலமும் சேரும், பேக்ஃபயர் ஆனால் நெருப்பே ஹோஸுக்குள் ஓடலாம். மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்னும் மோசம். வேக்கம் நிற்பதற்காக மற்ற ப்ரீதர்களையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறோமே, வாயு போக வழியே இருக்காது. எனக்கு நடந்தது இதுதான். முதல் சீசனில் ஒரு ஓட்டத்தின் முடிவில் வலது பக்கம் வெள்ளைப் புகை. பானட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வந்திருக்கிறது, ஹெடர் முழுக்க எண்ணெய். இரண்டு வால்வுமே கரி பிடித்து ஒட்டியிருந்தன. ஓடுபாதையில் எண்ணெய் கொட்டாதது என் அதிர்ஷ்டம். கொட்டியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் என்னால் காத்துக் கிடந்திருப்பார்கள்.

தப்பு என்னுடையது. வால்வைக் கலெக்டரோடு ஒட்டி மாட்டியிருந்தேன். வால்வ் கவரில் ஹோஸ் ஏறும் இடத்துக்குக் கீழே தடுப்புத் தகடும் வைக்கவில்லை. வால்வுகளைத் திறக்கிற ராக்கர்கள் வீசுகிற எண்ணெய் நேராக ஹோஸுக்குள் போய், வால்வில் கரியாகியிருக்கிறது. இப்போது ஒரு முழ நீளத்துக்கு எஃகுக் குழாய் விட்டு, அதன் உச்சியில் வால்வை நிமிர்த்தி வைத்திருக்கிறேன், தண்ணீர் தேங்காது. தடுப்புத் தகடும் போட்டாயிற்று. மாதம் ஒருமுறை கழற்றி வாயால் ஊதிப் பார்ப்பேன்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. ஐந்து நிமிட வேலை, ஸ்பானர் ஒன்று போதும். சீசன் தொடக்கத்தில் கெட்டாலும் கெடாவிட்டாலும் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

நண்பரின் பம்புக்கு வேண்டிய கவனிப்பு வேறு ரகம். பெல்ட் இறுக்கம் பார்க்க வேண்டும், புல்லி நேராக இருக்கிறதா பார்க்க வேண்டும், பம்ப் வெளியே தள்ளும் எண்ணெய் சேருகிற டப்பாவை ஒவ்வொரு நாளும் காலி செய்ய வேண்டும். உள்ளே சுற்றும் தகடுகள் தேய்ந்தால் கழற்றி ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும். அந்த வாரம் ரேஸ் கிடையாது. செலவிலும் நான் மொத்தமாகப் போட்டதைப்போல ஏழெட்டு மடங்கு அவர் போட்டிருக்கிறார்.

இதெல்லாம் சைலன்சர் இல்லாத திறந்த ஹெடருக்குத்தான் பொருந்தும். சைலன்சர் கட்டாயமான பாதைகளில் ஓட்டுபவர், புகை தடைபட்டுப் பின்னழுத்தம் ஏறிவிடுவதால், இதைப் போட்டு ஏமாற வேண்டாம். நேராகப் பம்புக்குப் போகலாம். டர்போ வண்டியில் டர்பைனுக்கு முன்னால் இருப்பது முழுக்க அழுத்தம்தான், அங்கே குழாய் வெல்டிங் செய்வது வீண். டர்பைனைத் தாண்டி டவுன்பைப்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் டர்போ வண்டி ஓட்டியதில்லை என்பதால் அதில் கருத்துச் சொல்லமாட்டேன். அப்புறம் ஆக்சிஜன் சென்சார் வைத்து டியூன் செய்பவர்கள் அதை இந்தக் குழாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் எண்ணெய் ஆவி படிந்து பொய்க் கணக்குக் காட்டும்.

வண்டியை விற்கும்போது ஹெடரில் இருக்கும் அந்த இரண்டு ஓட்டைகளால் விலை குறையுமா என்று ஒருவர் கேட்டார். ஒரு மூடியைத் திருகினால் முடிந்தது. எஞ்சினை எப்போதாவது முழுசாகப் பிரித்துத் தளர்ந்த ரிங் போட்டால் நானும் பம்ப் வாங்குவேன். அதுவரை மாதம் ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன்.