செல்டாவின் பறவை எதிரிகள்: கர்கராக்கா, தக்குரியா?

மே விடுமுறைக்கு ஏற்காடு வந்திருந்த அண்ணன் மகனோடு இரண்டு நாளாக ஒரே வழக்கு. 'லெஜண்ட் ஆஃப் செல்டா' வீடியோ கேம்களில் வரும் பறவை எதிரிகளில் எது உசத்தி? அவன் கட்சி கர்கராக். என் கட்சி தக்குரி. குக்கோ கோழிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். நாம் போய் அடிக்காதவரை அவை நம் வழிக்கே வராது, எதிரிக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

காக்கை இனத்துக்கும் முதலிடம் கிடையாது. 1991இல் வந்த 'எ லிங்க் டு த பாஸ்ட்'டில் மரத்தில் உட்கார்ந்திருக்கும், கிட்டே போனால் பாயும். 1998இன் 'ஒகரினா ஆஃப் டைம்' தொடங்கி அந்த வேலையை க்வே என்ற காக்கை பார்க்கிறது. கரையும் சத்தம் கேட்டதும் கை கேடயத்துக்குப் போகும், அது உண்மைதான். ஆனால் ஓர் அம்போடு கதை முடிந்துவிடுகிறது.

கர்கராக் அப்படியில்லை. 2002இல் வந்த 'விண்ட் வேக்கர்' முழுக்கக் கடல். ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. தலைக்கு மேல் வட்டமிடும் இதைப் பார்த்ததும் படகின் பாயை இறக்கி, பூமராங்கை எடுத்துக் குறிபார்க்க வேண்டும். அதற்குள் அது பாய்ந்துவிடும். கொன்றால் பொன்னிறகு கிடைக்கும். டிராகன் ரூஸ்ட் தீவில் ஹாஸ்கிட் என்ற காவலர் தன் காதலிக்காக அதில் 20 கேட்பார். அப்புறம் 2006இன் 'ட்வைலைட் பிரின்சஸ்'. அதில் ஓநாயாக மாறிய கதாநாயகன் லிங்க், நிழல் கர்கராக் ஒன்றின் மீது ஏறியே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேலே போகிறான். "எதிரியா வந்து வாகனமா ஆகுது சித்தப்பா, வேற எந்தப் பறவை அப்படி?" என்றான் பையன். நியாயமான கேள்வி.

என் பதில், மலைக்கு வரும் வழியிலேயே அவனுக்குக் கிடைத்திருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். சேலத்தில் வாங்கிய தட்டுவடை செட் அவன் கையில். குரங்கு ஒன்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு தடுப்புச் சுவர்மேல் ஏறியது. நிதானமாகப் பிரித்து, பீட்ரூட் துருவலை உதறிவிட்டு, தட்டையை மட்டும் தின்றது. கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் வீடு சேரும்வரை அவன் பேசவில்லை.

தக்குரி செய்வதும் அதேதான். 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'கில், டெர்மினா புல்வெளியில் பால் பண்ணைக்குப் பிரியும் பாதையருகே பறக்கும் கழுகு ஜாடைப் பறவை அது. உயிரைக் குறைப்பதோடு விடாது, நம் பொருளையும் அடித்துக்கொண்டு போகும். குறைந்த உயிரை நாலு புல்லை வெட்டினாலே ஏற்றிக்கொள்ளலாம். போன பொருளுக்கு அது நடக்காது. நகரில் இரவு 10 மணிக்கு மேல் திறக்கும் திருட்டுச் சாமான் கடைக்குப் போய், நம் பொருளையே காசு கொடுத்து மீட்க வேண்டும். 'விண்ட் வேக்கர்'இல் ராட்சதப் பறவை ஹெல்மராக் மனதில் நிற்பதும் இதனால்தான். தொடக்கத்திலேயே லிங்க்கின் தங்கை ஆரிலைத் தூக்கிப் போய்விடுகிறதே!

"தக்குரி ஒரே கேம்லதான வருது?" என்று மடக்கினான். அது சரிதான். தொடர்ந்து வரும் எதிரி என்று பார்த்தால் கர்கராக்தான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். க்வேயைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் இந்தத் திருடனை ஒரே கேமோடு விட்டதுதான் எனக்கு வருத்தம்.

அன்றிரவு அவனே 'மஜோராஸ் மாஸ்க்' ஆடினான். அவனுடைய குப்பி போனது. கடையில் அதை விலை போட்டு வைத்திருந்ததைப் பார்த்ததும் முகத்தில் மீண்டும் அந்தக் கொண்டை ஊசி வளைவுக் களை. மறுநாள் காலை அந்தப் பாதையில் கால் வைக்குமுன் நின்றான். வானத்தைப் பார்த்து வில்லை எடுத்தான். இரண்டாவது அம்பு பட்டது. கேமின் காசான ரூபி, பொன்னிறத்தில் ஒன்று விழுந்தது, மதிப்பு 200.

"இருந்தாலும் கர்கராக்தான் சித்தப்பா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.