போனுக்குள் ரேடியோ இருக்கிறது, கேட்கத்தான் வழியில்லை

மச்சினன் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்திருக்கும் போனின் விலை இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது, "வாங்கலாமா அத்தான்?" என்று கேட்டிருந்தான். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல நான் வேண்டாம். வைத்துப் புழங்கியவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. 2023 கோடையில் வாழைத்தார் விற்ற பணத்தில் வாங்கிய போன் இது. திருநெல்வேலி மாவட்டத்தில் சீவலப்பேரிப் பக்கம் நெல்லும் வாழையுமாகப் பிழைப்பவன் கையில் போன் என்ன பாடு படும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். சேற்றுக் கையோடு எடுப்பேன். மடியில் செருகிக்கொண்டு வரப்பு தாண்டுவேன். மோட்டார் அறையில் வைத்துவிட்டு மறந்துபோய் மறுநாள் காலையில் தேடி வருவேன். இத்தனைக்கும் ஈடுகொடுத்தது. உச்சி வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறது. மோட்டார் ஓடும் சத்தத்துக்கு நடுவே பேசினாலும் எதிர்முனையில் இருப்பவர் "என்ன, என்ன?" என்று கேட்பதில்லை. வாழை இலையில் புள்ளி விழுந்தபோது படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினேன். புள்ளியைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் வரைக்கும் படத்தில் தெரிந்ததால், அவர் வயலுக்கு வராமலேயே மருந்து சொல்லிவிட்டார். பேட்டரியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் மறுநாள் மத்தியானம் வரை வரும். இந்த விலையில் இப்படி ஒரு போனை நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் சார்ஜ் ஏறும் துளை தளர்ந்துபோனது. வயல்காட்டுப் புழுதியில் புழங்கும் எந்தப் போனுக்கும் வருவதுதான், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி கெட்டிக்காரர். பின்மூடியைச் சூடுகாட்டிக் கழற்றி, கீழே இருக்கும் சிறு பலகையை மாற்றி, அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். பிறகு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நட்சத்திரக் குறியும் எண்களுமாக எதையோ அழுத்தினார். தயாரிப்பாளர்கள் தங்கள் சோதனைக்காக வைத்திருக்கும் பட்டியல் ஒன்று திறந்தது. ஒலிபெருக்கி, மைக், அதிர்வு, கைரேகை என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். அடியில் 'எஃப்.எம்.' என்று ஒரு வரி இருந்தது. மேசையில் கிடந்த கம்பி இயர்போனைச் செருகி அதையும் தட்டினார்.

கொஞ்சம் கரகரத்தது. உடனே பளிச்சென்று ஒரு குரல். உள்ளூர்ப் பண்பலை ஒன்றில் அறிவிப்பாளர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இயர்போனின் ஒரு முனையை என் காதில் வைத்துக் கேட்டேன். அந்தப் போனில் ஏர்டெல், ஜியோ எதுவுமே அப்போது இல்லை; சிம் கார்டு கழற்றி மேசையில் கிடந்தது. சோதனை தேறிவிட்டதாகப் பச்சை எழுத்து வந்தது, தம்பி அடுத்த வரிக்குப் போனார், குரல் நின்றுவிட்டது.

"இது எங்கே இருந்தது தம்பி? இத்தனை நாளாக நான் தேடியும் கிடைக்கவில்லையே?" என்று கேட்டேன். "ரேடியோ உள்ளேதான் அண்ணாச்சி இருக்கிறது. அதைத் திறக்கும் செயலியைத்தான் தரவில்லை" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஆறவில்லை. 

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வைஃபை, புளூடூத் இரண்டையும் இயக்கும் சில்லு (சிப்) போனுக்குள் இருக்கிறது. பல போன்களில் எஃப்.எம். அலையைப் பிடிக்கும் வாங்கியும் (ரிசீவர்) அதே சில்லில்தான் இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி தேவையில்லை. ஆன்டெனா மட்டும் வேண்டும், அந்த வேலையை இயர்போனின் கம்பியே செய்துவிடும். கம்பி இயர்போன் செருகும் துளையும் என் போனில் இருக்கிறது. ஆக, எல்லாம் கூடிவந்த பிறகும் தயாரிப்பாளர் மென்பொருளில் அந்த வழியை அடைத்துவிட்டார். வெளியார் யாராவது ஒரு செயலி எழுதித் தரலாமே என்றால், அதுவும் முடியாது. எஃப்.எம். சில்லைத் தொடுவதற்கு ஆண்ட்ராய்டில் பொதுவான வழி எதுவும் கிடையாது. தயாரிப்பாளரே போனில் ஏற்றி அனுப்பும் செயலிக்குத்தான் அந்த அனுமதி. எத்தனை பெரிய கெட்டிக்காரர் உட்கார்ந்து எழுதினாலும் இந்தச் சுவரைத் தாண்ட மாட்டார்.

பிளே ஸ்டோரில் 'எஃப்.எம். ரேடியோ' என்று தேடினால் வரிசையாக வந்து விழுகின்றனவே, அவை ஏறத்தாழ எல்லாமே இணையத்தில் ஓடுபவை. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் 58 எம்.பி. அளவுக்கு டேட்டா போய்விடும். பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலி நல்ல செயலி, பல வானொலி நிலையங்களை அதில் கேட்கலாம். நானும் கேட்கிறேன். ஆனால் டவர் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

டவர் நின்ற நாள் ஒன்று இந்தச் சீமைக்கு வந்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், அதில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தது நாடறிந்த கதை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர். எங்கள் பக்கத்தில்தான் சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேர்கிறது, இரண்டு ஆற்றுத் தண்ணீரும் எங்களுக்கு உண்டு. மழைக்காலப் போகமான பிசான நெல் பயிராக நின்ற சமயம்.

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அணைகளின் இந்த உயரங்களை ஆற்றங்கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள், நாங்கள் வீட்டிலேயே இருக்கலாமா, மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டுமா? மின்சாரம் போய், டவரும் போய்விட்டது. என் போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. நான் மேலே புகழ்ந்தேனே, அதே பேட்டரி. அந்த ராத்திரி முழுவதும் அது டார்ச் விளக்காக மட்டும் எரிந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. பின்மூடி உடைந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கும். ராத்திரியில் மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு வெகுதூரம் வரும். திருப்பித் திருப்பி ஏதோ ஒரு தூரத்து நிலையத்தைப் பிடித்து, திண்ணையில் பதினைந்து இருபது பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். எங்கள் ஊர்ப் பெயர் அதில் வரவில்லை. ஆனாலும் தென் மாவட்டங்களில் மழை இன்னும் நிற்கவில்லை என்பதும், ஆற்றோரத்து மக்கள் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும் என்பதும் காதில் விழுந்தன. மைனி அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அங்கே இருந்த அத்தனை பேர் மடியிலும் போன் இருந்தது. அவற்றில் எத்தனை போன்களுக்குள் இப்படி ஒரு ரேடியோ வாய் கட்டப்பட்டுக் கிடந்ததோ என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். போனில் இருப்பது பண்பலை வாங்கி மட்டுமே. ஆச்சியின் பெட்டி பிடித்த மத்திய அலையை எந்தப் போனும் பிடிக்காது. பண்பலை நிலையங்களுக்கு எட்டும் தூரமும் குறைவு. வெள்ளத்தில் நிலையமே நின்றுபோனால் ரேடியோவும் ஊமைதான். ஆனால் ஒரு டவர் சில கிலோமீட்டருக்குத்தான் பேசும். ஒரு பண்பலைக் கோபுரம் மாவட்டத்துக்கே பேசும். மலைமேல் இருக்கும் கொடைக்கானல் பண்பலை எத்தனை மாவட்டங்களில் கேட்கிறது என்று தென்பாண்டிச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு கோபுரத்தை நிற்காமல் பார்த்துக்கொள்வது நூறு டவர்களைப் பார்த்துக்கொள்வதைவிட எளிது. 2023-ல் போன்களை அலறவைத்து அவசர எச்சரிக்கையைச் சோதித்தார்கள், நல்ல ஏற்பாடு. அதுவும் டவர் உயிரோடு இருக்கும்வரைதான்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. எஃப்.எம். வசதியுள்ள போன்களில் அதை முடக்காமல் வைக்க வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஏப்ரலில் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் காலத்தில் ரேடியோ உதவும் என்பதையும் அதில் சுட்டிக்காட்டியது. ஆனால் அது ஆலோசனை, சட்டம் கிடையாது. அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு 2017-ல் நடந்தது. புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கியபோது, ஐபோனில் எஃப்.எம்.மைத் திறந்துவிடுங்கள் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் ஆப்பிளைக் கேட்டார். ஐபோன் 7, 8 இரண்டிலும் அந்தச் சில்லும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. இல்லை என்பது ஒரு பதில். அதை ஏற்றுக்கொண்டு வேறு போன் பார்க்கலாம். என் போனின் தயாரிப்பாளர் அந்தப் பதிலையும் சொல்ல முடியாது, என் காதாலேயே கேட்டுவிட்டேன்.

ஊரில் ஆளுக்கு ஒரு செயலி வேண்டும் என்று ஆசை. வயசானவர்களுக்கு நான்கு பொத்தான் மட்டும் தெரியும் திரை வேண்டும் என்பார் ஒருவர். அணையில் திறந்த தண்ணீர் நம் மதகுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று சொல்ல ஒன்று வேண்டும் என்பார் இன்னொருவர். இவையெல்லாம் இன்னும் யாரும் சரியாகச் செய்து தராதவை; நாளை ஒருவர் செய்தால் வந்துவிடும், காத்திருக்கலாம். என் ஆசை அந்த வகையில் சேராது. அழைப்பைப் பதிவுசெய்யும் செயலிகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அவற்றை எழுத ஆள் இருந்தார்கள், 2022 மே மாதம் கூகுள் விதியை மாற்றியதும் பிளே ஸ்டோரில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. அதற்காவது அடுத்தவரின் அந்தரங்கம் என்று ஒரு காரணம் சொல்லலாம். ரேடியோ கேட்பதால் யாருடைய அந்தரங்கம் கெடுகிறது?

"பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றிவிடலாம்" என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். தயாரிப்பாளர் தராத மென்பொருள் போனில் ஏறாமல் காக்கும் பூட்டு அதில்தான் இருக்கிறது. திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதன்பிறகு வங்கிச் செயலிகள் பல, 'இந்தக் கருவி பாதுகாப்பானதாக இல்லை' என்று சொல்லி ஓடவே மறுக்கும். உரக்கடையில் பணம் அனுப்புவதும் ஆள் கூலி கொடுப்பதும் இந்தப் போனில்தான். ரேடியோவுக்காக அதை நான் இழக்க முடியாது. பூட்டே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். திருடன் கையில் போன் சேர்ந்தால் அந்தப் பூட்டுதான் காவல். ஆனால் வீட்டை முழு விலை கொடுத்து வாங்கிய பிறகும் மச்சு அறையின் சாவியை விற்றவரே வைத்துக்கொண்டிருப்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது.

வாடிக்கையாளர் சேவைக்கும் எழுதிப் பார்த்தேன். உங்கள் கருத்தை உரிய பிரிவுக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அடுத்து வந்த மென்பொருள் மேம்படுத்தலில் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு முகப்புப் படங்கள் இருந்தன. ரேடியோ இல்லை.

ஆகவே மச்சினா, இந்தப் போனை வாங்காதே. பேட்டரி, கேமரா, உழைப்பு எல்லாவற்றிலும் நான் சொன்ன அத்தனையும் உண்மை, ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. இதைவிடக் கேமரா மங்கலான, பேட்டரி ஒரு பொழுதுக்கு மட்டுமே வரும் போனாக இருந்தாலும் பரவாயில்லை, ரேடியோ திறந்திருப்பதாகப் பார்த்து வாங்கு. ஆற்றோரத்தில் குடியிருக்கும் நமக்கு வேறு கணக்குக் கிடையாது.

கடைக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் கம்பி இயர்போனைக் கையோடு கொண்டுபோ. புளூடூத் இயர்போன் உதவாது, அதில் ஆன்டெனாவுக்குக் கம்பி இல்லை. போனில் முதலிலேயே ரேடியோ செயலி இருக்கிறதா என்று பார். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, இயர்போனைச் செருகித் திருப்பிப் பார். கடை கட்டடத்துக்குள் சில சமயம் சரியாக எடுக்காது, வாசலுக்கு வந்து பார். நிலையம் வந்தால் பணத்தைக் கொடு. வராவிட்டால் அடுத்த கடைக்குப் போ.