லேண்ட்மார்க் அரியன்: அலெக்சாந்தரின் கடைசி நாட்களைப் படிக்க இந்த ஒரு நூல் போதுமா?

கி.மு. 323 ஜூன் மாதம் பாபிலோனில் அலெக்சாந்தர் எதனால் இறந்தார்? மலேரியா, டைஃபாய்டு, நஞ்சு, வெஸ்ட் நைல் வைரஸ், கில்லன் பாரே நோய் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதையும் எடைபோட, மூலநூல்களில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்காக வாங்குபவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரை. அலெக்சாந்தரின் படையெடுப்புகளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதிய நூலை ஜேம்ஸ் ராம் பதிப்பித்து, பமேலா மென்ஷ் மொழிபெயர்த்த இந்த ஆங்கிலப் பதிப்பு 2010இல் வெளிவந்தது.

இதன் பெரிய பலம் பக்க ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே ஆண்டு, இடம், இரண்டு வரிச் சுருக்கம். ஊர்ப் பெயர் வந்தால் எந்த வரைபடத்தில் தேடுவது என்று அடிக்குறிப்பு சொல்லிவிடுகிறது. ஆறாம் நூலில், இந்தியப் படையெடுப்பின்போது மல்லியர் என்ற குடியின் கோட்டையில் அம்பு மார்பைத் துளைத்த இடத்தைப் படிக்கும்போது இதன் அருமை புரியும். காயத்திலிருந்து இரத்தத்தோடு மூச்சுக்காற்றும் வந்தது என்று, அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து பின்னாளில் எகிப்தை ஆண்ட தாலமி எழுதியதை அரியன் அங்கே தருகிறார். அந்த நுரையீரல் காயம்தான் பிறகு உடலைத் தளர்த்தியது என்பவர்களுக்கு ஆதாரம் இந்தப் பகுதியே.

இறப்பைப் படிக்க 7.16இல் (ஏழாம் நூல், 16ஆம் அத்தியாயம்), பாபிலோனுக்குள் நுழைய வேண்டாம் என்ற கல்தேயப் பூசாரிகளின் எச்சரிக்கையில் தொடங்கி, 7.24 முதல் 7.28 வரை நிதானமாகப் போங்கள். அலெக்சாந்தரின் அரசவையில் எழுதியதாகச் சொல்லப்படும் அரச நாட்குறிப்பைச் சுருக்கித் தரும் 7.25இல்தான் பலரும் சறுக்குகிறார்கள். அரியன் தேதி சொல்வதில்லை, ‘மறுநாள்’, ‘அடுத்த நாள்’ என்றே போகிறார். விரலில் எண்ணினால் கணக்கு தப்பும். ஒரு தாளில் நாளுக்கொரு வரி எழுதுங்கள்: நண்பர் மீடியஸ் வீட்டு விருந்து, குளியல், காய்ச்சல், கட்டிலோடு தூக்கிச் சென்று பலியிட்டது, ஆற்றைக் கடந்து தோட்டத்துக்குப் போனது, கடைசியில் பேச்சு நின்றது. பக்கத்திலேயே, கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய அலெக்சாந்தர் வாழ்க்கை வரலாற்றின் 76ஆம் அத்தியாயத்தை வையுங்கள். அவர் அதே நாட்குறிப்பை மாசிடோனிய நாட்காட்டியின் டைசியஸ் மாதம் 18 முதல் 28 வரை தேதியிட்டுத் தருகிறார். இரண்டிலும் தெரிவது ஒன்றே: நாளுக்கு நாள் ஏறிய காய்ச்சல். குடித்த கணத்தில் சுருண்டு விழுந்த கதை இவற்றில் இல்லை.

அந்தக் கதை இருப்பது இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸில் (17.117). ஹெராக்ளிஸ் பெயரில் பெரிய கோப்பையைக் குடித்ததும் அடிபட்டவர்போல அலறினார் என்கிறார். அப்படி வலி ஏதும் இல்லை என்று புளூட்டார்க் வெளிப்படையாகவே மறுக்கிறார். 1998இல் ஒரு மருத்துவ இதழில் வந்த டைஃபாய்டு விளக்கம் குடலில் துளை விழுந்ததாகச் சொல்வதால், வயிற்றுவலி அதற்கு முக்கியமான சான்று. ஆனால் டைஃபாய்டில் குடல் துளைபடுவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். தியோதோரஸின் அலறலோ நோயின் முதல் நாளில். இந்த இடைவெளி சின்ன விஷயமல்ல.

இனி குறை. அரியனை மட்டும் படித்தால் இரண்டு கோட்பாடுகளைச் சோதிக்கவே முடியாது. பறவைகளையும் கொல்லும் வெஸ்ட் நைல் வைரஸ் பற்றிய கோட்பாடு (2003) சாய்ந்து நிற்பது, பாபிலோன் மதிலருகே காகங்கள் சண்டையிட்டுச் செத்து விழுந்ததாக புளூட்டார்க் சொல்லும் சகுனத்தின் மேல். கில்லன் பாரே என்பது நரம்பைத் தாக்கி உடலைச் செயலிழக்கச் செய்யும் நோய்; அதனால் அசைவற்றுக் கிடந்தவரை இறந்ததாக நினைத்துவிட்டார்கள் என்ற 2018ஆம் ஆண்டு விளக்கத்துக்குப் பிடிமானம், உடல் பல நாள் கெடாமல் கிடந்தது என்ற செய்தி. அது புளூட்டார்க்கிலும் ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸிலும் உண்டு. இரண்டுமே அரியனில் இல்லை. அவர் எழுதியது ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு கழித்து, அலெக்சாந்தரோடு சென்ற தாலமியும் அரிஸ்டோபுலஸும் எழுதியவற்றை வைத்து. அவர் எதை விட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நஞ்சுக் கதையில் மட்டும் அரியன் முழுமையாக உதவுகிறார். மாசிடோனியாவைக் கவனித்துவந்த அன்டிபேட்டர் அனுப்பியது, அரிஸ்டாட்டில் தயாரித்தது, கோவேறு கழுதைக் குளம்பில் அன்டிபேட்டரின் மகன் கசாண்டர் கொண்டுவந்தது, கோப்பை ஊற்றும் இன்னொரு மகன் இயோலாஸ் கொடுத்தது என எல்லாவற்றையும் 7.27இல் எழுதிவிட்டு, நம்பத்தக்கது என்பதால் எழுதவில்லை, தெரியாதவன் என்று நினைக்கக் கூடாது என்றே எழுதினேன் என்கிறார். வெள்ளை ஹெல்லெபோர் என்ற நச்சுச் செடியைக் காட்டும் 2014ஆம் ஆண்டு ஆய்வைப் படிப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

நாட்குறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மன்னரைக் கோயிலுக்குக் கொண்டு வரலாமா என்று தெய்வத்திடம் கேட்டுத் தளபதிகள் படுத்துறங்கியது சராபிஸ் கோயிலில் என்கிறது 7.26. கிரேக்க, எகிப்தியக் கூறுகள் கலந்த தெய்வமான சராபிஸின் வழிபாடு தழைத்தது பிறகு, எகிப்தில் தாலமியின் ஆட்சியில். பாபிலோனியத் தெய்வம் ஒன்றுக்கு இந்தப் பெயர் கொடுத்தார்களா, நாட்குறிப்பே பின்னால் எழுதப்பட்டதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அரியனின் ஆதாரங்கள் பற்றிய பின்னிணைப்பையும், இறப்பை மருத்துவக் கண்ணோட்டத்தில் பார்க்கும் பின்னிணைப்பையும் இதற்குப் பிறகு படித்தால்தான் பயன். முதலிலேயே அங்கே போனால் ஒரு நோயின் பெயர் மனத்தில் தங்கிவிடும். பிறகு மூலத்தில் அதற்கான அறிகுறிகளை மட்டுமே தேடுவீர்கள்.

வாங்கலாம், தயங்காமல். கனமான நூல், மேசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். கூடவே, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் லோப் வரிசையில் புளூட்டார்க் வாழ்க்கை வரலாறுகளின் ஏழாம் தொகுதி வேண்டும். செலவு கூடாது என்றால் அதில் உள்ள பெரினின் மொழிபெயர்ப்பே லாகஸ்கர்ட்டியஸ் (LacusCurtius) இணையதளத்தில் இலவசம். 73 முதல் 77 வரை ஐந்தே அத்தியாயங்கள்தான்.