ஒரு டன் வைக்கோல், நான்கு ஆலைகள்: எது தேறும்?

பஞ்சாபில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டன் நெல் வைக்கோல் விழுகிறது. அதை வயலிலேயே கொளுத்துவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "மாட்டுக்குப் போடலாமே?" என்பதுதான். நியாயமான கேள்வி. காவிரி டெல்டாவில் அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் வந்துவிடும். கட்டுகள் லாரி ஏறிப் போய்விடும். பஞ்சாபில் மாட்டுக்குப் போடுவது கோதுமை வைக்கோல். பாஸ்மதி வைக்கோலைக் கொஞ்சம் தீவனத்துக்கு எடுப்பார்கள். சிலிக்கா என்ற மணல் சத்து மிகுந்த மற்ற நெல் வைக்கோலைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

அப்புறம் நேரம். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் வந்த சட்டம் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அதனால் அறுவடையும் தள்ளிப்போக, கோதுமை விதைக்கும் முன் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். ஏக்கருக்கு இரண்டரை, மூன்று டன் வைக்கோலை அதற்குள் அப்புறப்படுத்தியாக வேண்டும். ஒரு தீக்குச்சியில் காரியம் முடிகிறது.

இந்த வைக்கோலை எரிசக்தியாக்க இன்று நான்கு வழிகள் போட்டி போடுகின்றன. வைக்கோலை மட்டுமே எரிக்கும் மின் நிலையம், குச்சித் தீவனம் போல பெல்லட்டாக்கி நிலக்கரியோடு சேர்த்து எரிப்பது, நொதிக்க வைத்து எரிவாயு எடுப்பது, எத்தனால் காய்ச்சுவது. நான்கையும் ஒரே டன் வைக்கோலை வைத்து அளந்து பார்ப்போம்.

நேரடியாக எரிப்பது

இருப்பதில் பழைய வழி இது. பஞ்சாபின் பதேகர் சாகிப் மாவட்டத்தில் ஜல்கேரி என்ற ஊரில் 1992-லேயே 10 மெகாவாட் வைக்கோல் மின் நிலையம் வந்துவிட்டது. தொழில்நுட்பம் எளிதுதானே, கொதிகலனில் போட்டு எரித்தால் நீராவி வரும், நீராவியில் மின்சாரம் வரும் என்று தோன்றும். சிக்கல் வைக்கோலின் சாம்பலில் இருக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடுகிறது. கூடவே குளோரினும் உண்டு. பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்தால் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே இளகி, கண்ணாடி போலக் கொதிகலன் குழாய்களில் அப்பிக்கொள்ளும். குளோரின் குழாயையே அரிக்கும். ஆலையை நிறுத்தி உள்ளே இறங்கி அந்தக் கட்டியை உடைத்து எடுப்பது ஒரு தனி வேலை.

டென்மார்க்கில் கோதுமை வைக்கோலை எரித்து ஊருக்கே வெந்நீர் அனுப்புகிறார்கள். அங்கே அறுத்த வைக்கோல் சில மழையில் நனைந்து காய்ந்தால் நல்லது என்பார்கள். மழை நீர் பொட்டாசியத்தையும் குளோரினையும் கழுவிக்கொண்டு போய்விடும், நிறமும் மஞ்சளிலிருந்து சாம்பலாக மாறும். பஞ்சாபில் அறுவடை முடிந்தபின் அந்த மழையும் இல்லை, காத்திருக்க நாளும் இல்லை.

நம் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்துத் தாராளமாக மின்சாரம் எடுக்கிறார்களே என்றால், அதற்கும் காரணம் இந்தக் கழுவல்தான். சாறு பிழியும்போது தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிழிவதால் சக்கையிலுள்ள உப்புகள் சாற்றோடு போய்விடுகின்றன. சக்கையைத் தேடி எங்கும் போகவும் வேண்டாம், கரும்போடு ஆலைக்கே வந்துவிடுகிறது. அரிசி ஆலையில் உமியும் அப்படித்தான். அதில் சாம்பல் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலும் பொட்டாசியம் குறைவு; நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே சக்கைக்கும் உமிக்கும் நேரடி எரிப்பே முதல் தேர்வு. வைக்கோலுக்குக் கடைசித் தேர்வு. வெப்பத்தை மின்சாரமாக்கும் திறன் சின்ன ஆலைகளில் குறைவு என்பதால் டன்னுக்கு 800 யூனிட் அளவில்தான் தேறும். சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் காலத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை சொல்லி இதை யாரிடம் விற்பது?

நிலக்கரியோடு கலப்பது

இதே வைக்கோலைப் பொடித்து, அழுத்தி, பெல்லட்டாக்கி பெரிய அனல் மின் நிலையத்தில் போட்டால் கணக்கு சட்டென்று மாறுகிறது. பெரிய கொதிகலனின் திறன் 35 சதவீதத்தைத் தொடும். பெல்லட் ஆக்கும் செலவைக் கழித்தாலும் டன்னுக்கு 1,200 யூனிட்டுக்குக் குறையாது. புதிய ஆலை கட்டவேண்டாம். 95 பங்கு நிலக்கரிக்குள் 5 பங்கு வைக்கோல் கரைந்துவிடுவதால் பொட்டாசியத் தொல்லையும் பெரிதாகத் தலைகாட்டாது.

அரசு மின் நிறுவனமான என்டிபிசி 2017-ல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அனல் நிலையத்தில் இதைச் செய்து காட்டியது. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் பெரும்பாலான அனல் நிலையங்கள் 5 சதவீதம் கலக்கவேண்டும் என்று கொள்கை கொண்டுவந்தது. ஆனாலும் பெல்லட் வேண்டிய அளவுக்குக் கிடைக்கவில்லை. சிலிக்கா, பெல்லட் எந்திரத்தின் அச்சைச் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது. நிலக்கரியை மாவாக்கும் எந்திரத்துக்கு வைக்கோல் நார் ஒத்துக்கொள்ளாது. அதற்காக 250 டிகிரிக்கு மேல் வறுத்த பெல்லட் கேட்கிறார்கள், அதன் விலையோ இன்னும் அதிகம்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. நிலக்கரி நிலையத்துக்குப் பச்சைச் சாயம் பூசும் வேலையாக இது முடிந்துவிடக்கூடும். ஆனால் அடுத்த அக்டோபர் அறுவடைக்குள் ஏதாவது நடக்கவேண்டும் என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது.

எத்தனாலும் எரிவாயுவும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டும் வண்டி ஓட்டும் எரிபொருள் தருகின்றன. இரண்டுக்கும் 2022-ல் சில வார இடைவெளியில் திறப்பு விழா நடந்தது. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் கட்டிய எத்தனால் ஆலை ஆகஸ்ட் 10 அன்று; பஞ்சாபின் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் ஜெர்மன் நிறுவனமான வெர்பியோவின் எரிவாயு ஆலை அக்டோபர் 18 அன்று.

பானிப்பட்: 900 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். லெஹ்ராகாகா: சுமார் 220 கோடி முதலீடு, ஆண்டுக்கு 1 லட்சம் டன், முழு வேகத்தில் நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலிலிருந்து 33 டன் எரிவாயு. டன்னுக்கு 110 கிலோ. இவை வடிவமைப்பு எண்கள். நடைமுறையில் எந்த ஆலையும் இதற்குக் கீழேதான் ஓடும். வெப்ப மதிப்புக்கு மாற்றினால் 150 லிட்டர் எத்தனால் சுமார் ஏழரை லட்சம் கிலோகலோரி, 110 கிலோ எரிவாயு பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு டன் வைக்கோலைக் கையாளப் போட்ட முதலோ எரிவாயுவில் ஏறக்குறைய பாதி.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எத்தனால் வேண்டுமானால் முதலில் சர்க்கரை வேண்டும். வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது, ஆனால் செல்லுலோஸாகக் கோத்து, லிக்னின் என்ற பிசினால் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அமிலமும் நீராவியும் கொண்டு பூட்டை உடைத்து, விலை உயர்ந்த நொதிகளைக் கொட்டி சர்க்கரையாக்கி, ஈஸ்டுக்குக் கொடுத்து, கடைசியில் தண்ணீரிலிருந்து காய்ச்சி எடுக்கவேண்டும். எரிவாயுக் கலனில் இந்த வேலைகளில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் கூலி இல்லாமல் செய்கின்றன. சாண எரிவாயு அடுப்பு பார்த்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். லெஹ்ராகாகாவில் கலன் ஒவ்வொன்றும் 10,000 கன மீட்டர், அப்படி எட்டு. மெத்தேன் கலனுக்கு மேலே தானாக ஏறி வந்துவிடும், காய்ச்சி வடிக்கவேண்டியதில்லை. கரியமில வாயுவைப் பிரித்துவிட்டால் அழுத்தி சிஎன்ஜி வண்டியில் நிரப்பலாம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நெவாடா என்ற ஊரில் டூபாண்ட் நிறுவனம் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2015-ல் ஆலை திறந்தது. 2017-ல் மூடியது. அடுத்த ஆண்டு அதை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? இதே வெர்பியோ. வாங்கி, அதே தட்டையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையாக மாற்றிக்கொண்டது. ருமேனியாவில் கோதுமை வைக்கோல் எத்தனாலுக்காகச் சுவிஸ் நிறுவனமான கிளாரியண்ட் கட்டிய ஆலையும் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பானிப்பட்டைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; முதல் ஆலையை அரசு நிறுவனம் கட்டிக் கற்றுக்கொள்வதில் தவறில்லை. இரண்டாவது, மூன்றாவது ஆலைக்கு என் ஓட்டு எத்தனாலுக்கு இல்லை.

எரிவாயு மட்டும் மாசற்ற மாணிக்கம் என்று நினைக்கவேண்டாம். வைக்கோல் கலனில் மிதக்கும், மேலே பாய் போலப் படியும். நைட்ரஜன் போதாது, சாணமோ கோழி எருவோ சேர்க்கவேண்டி வரும். முக்கியமாக, நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலை உள்ளே விட்டால் 600 டன்னுக்கு மேல் ஈர எரு வெளியே வரும், தண்ணீர் சேர்ந்த கணக்கு அது. வைக்கோலின் பொட்டாசியம், நைட்ரஜன் எல்லாம் அதிலே திரும்பக் கிடைக்கும். வயலில் எரித்தாலோ டன்னுக்கு ஐந்தரை கிலோ நைட்ரஜன் புகையாகப் போகிறது. ஆனால் அந்த எருவைத் தினம் யார் வாங்குவது? 2023-ல் டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தார்கள். அதுவே விற்பனை சுலபமில்லை என்பதற்குச் சாட்சி. 2018-ல் தொடங்கிய மத்தியத் திட்டம் 5,000 எரிவாயு ஆலைகள் என்று இலக்கு வைத்து, அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. லூதியானா மாவட்டத்தில் 2024-ல் சில கிராமங்கள் நாற்றம், தண்ணீர் கெடும் என்ற பயத்தில் ஆலைக்கு எதிராக உட்கார்ந்துவிட்டன. ஊரை ஒட்டி இடம் பார்த்தவர்கள் அதை முன்பே யோசித்திருக்கலாம்.

நான்கு வழிக்கும் பொதுவான தலைவலி கட்டு கட்டுவதுதான். தாளை வெட்டி, வரிசையாக ஒதுக்கி, கட்டிப் போடும் எந்திரங்கள் ஆண்டில் சில வாரம்தான் ஓடும்; அந்தச் சில வாரத்தில் ஆலைக்கு ஓர் ஆண்டு தீனியைச் சேர்த்தாகவேண்டும். 1 லட்சம் டன் வைக்கோல் கட்டுகளை நனையாமல், தீப்பிடிக்காமல் வைக்க எத்தனை ஏக்கர் வேண்டும் என்று திட்ட அறிக்கைகளில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் வைக்கோலைவிடக் கரும்புச் சோகைதான் (காய்ந்த இலை) வயலில் எரிகிறது. சக்கை கழுவப்பட்டுவிடுகிறது, சோகை கழுவப்படுவதில்லை. அதனால் கொதிகலனில் அது வைக்கோலின் அதே சேட்டையைச் செய்யும். கலனில் போட்டாலும் முன்கூட்டிப் பதப்படுத்தாமல் சீக்கிரம் செரிக்காது. அதற்கு நான்கு ஆலைகளும் வேண்டாம் என்பேன். தூளாக்கும் எந்திரத்தை ஓட்டிக் கட்டைப் பயிரின் (வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பின்) பார்களுக்கு இடையே மூடாக்காகப் பரப்பிவிட்டால் லாரி வாடகையே கிடையாது, களையும் அடங்கும், ஒரு தண்ணீராவது மிச்சமாகும்.