சர்வர் பூலா, நோடைக் கட்டிப்போடுவதா? நான்கு சர்வர் ராக் கிளஸ்டருக்கு எது தோது?

ஆரக்கிள் ராக்கில் (ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர் சேர்ந்து ஓட்டும் முறை) எந்த டேட்டாபேஸ் எந்த நோடில் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) ஓட வேண்டும் என்று நாமே எழுதி வைப்பது அட்மின் மேனேஜ்டு. 11ஜி ரிலீஸ் 2-ல் வந்த பாலிசி மேனேஜ்டு முறையில், சர்வர் பூலுக்கு, அதாவது சர்வர்களின் குழுவுக்கு, மின் (குறைந்தபட்ச சர்வர்), மேக்ஸ் (அதிகபட்ச சர்வர்), இம்பார்ட்டன்ஸ் (முக்கியத்துவம்) என மூன்று எண் கொடுத்தால் போதும், கிளஸ்டரை நடத்தும் மென்பொருளான கிளஸ்டர்வேரே பங்கு பிரித்துக்கொள்ளும்.

பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூரில் கிளை உள்ள ஜவுளிக்கடை என்று வையுங்கள். பில்லிங் பூல்: மின் 2, மேக்ஸ் 3, இம்பார்ட்டன்ஸ் 10. ரிப்போர்ட் பூல்: மின் 1, மேக்ஸ் 2, இம்பார்ட்டன்ஸ் 5. நான்கு சர்வரும் எழுந்தால் பில்லிங்குக்கு 3, ரிப்போர்ட்டுக்கு 1. பில்லிங்கில் ஒன்று விழுந்தால் எதுவும் நகராது, மின் இன்னும் நிறைந்தே இருக்கிறது. இரண்டாவதும் விழுந்தால் ரிப்போர்ட்டின் ஒரே சர்வரையும் பில்லிங் இழுத்துக்கொள்ளும். இம்பார்ட்டன்ஸ் குறைந்த பூலின் மின்னுக்கு அப்போது மதிப்பில்லை. தீபாவளிக் கூட்டத்தில் கடை அண்ணாச்சிக்கு வேண்டியதும் அதுதான். ரிப்போர்ட் நாளைக்குப் பார்க்கலாம், பில் இப்போதே விழ வேண்டும். இந்த இடத்தில் பூல் முறைக்கு ஈடில்லை.

ஆனாலும் இந்த அளவு கிளஸ்டருக்கு என் ஓட்டு அட்மின் முறைக்குத்தான். காரணம் பராமரிப்பு.

பாலிசி முறையில் இன்ஸ்டன்ஸின் (ஒரு சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் பிராசஸ்களின் தொகுப்பு) பெயர் பில்_1, பில்_2 என்று வரும். அது நோடோடு ஒட்டியதல்ல. இரண்டாம் நோடின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) எஸ்ஐடி (இன்ஸ்டன்ஸின் பெயர்) பில்_2 என்று எழுதிவைத்த பேக்கப் ஸ்கிரிப்ட், சர்வர்கள் வேறு வரிசையில் எழுந்த அன்றைக்குப் படுத்துவிடும். பிழைகளும் முக்கிய நிகழ்வுகளும் பதிவாகும் அலர்ட் லாகும் பாதி ஒரு சர்வரில், மீதி இன்னொன்றில் கிடக்கும். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் ஓடுகிற பிமான் என்ற பின்னணிப் பிராசஸின் பெயரிலிருந்து எஸ்ஐடியை எடுக்கும்படி எல்லா ஸ்கிரிப்டையும் திருத்த வேண்டும். ஹியூஜ் பேஜ் (பெரிய அளவு நினைவகப் பக்கம்) தொல்லை தனி. பில்லிங்கின் எஸ்ஜிஏ (இன்ஸ்டன்ஸின் பகிர்வு நினைவகம்) 24 ஜிபி என்றால் 2 எம்பி பக்கம் 12,288-க்குச் சற்று மேலே வேண்டும், அதுவும் ரிப்போர்ட் சர்வர் உட்பட நான்கிலும். ‘யூஸ் லார்ஜ் பேஜஸ்’ அமைப்பு ‘ஒன்லி’ (பெரிய பக்கம் மட்டுமே) என்று இருந்து பக்கம் போதாவிட்டால், இழுத்து வந்த சர்வரில் இன்ஸ்டன்ஸ் எழவே எழாது.

அட்மின் முறையில் சர்வீஸுக்கு (அப்ளிகேஷன் டேட்டாபேஸோடு இணையும் பெயர்) பிரிஃபர்டு (வழக்கமாக ஓடும் இடம்), அவெய்லபிள் (மாற்று இடம்) என்று இன்ஸ்டன்ஸைக் குறித்துவிட்டால், நோடு விழும்போது சர்வீஸ் தானே இடம் மாறும். புது நோடு சேர்க்கும்போது மட்டும் இன்ஸ்டன்ஸை நாமே சேர்க்க வேண்டும். எட்டு, பத்து சர்வரும் நிறைய டேட்டாபேஸும் உள்ள இடத்தில் கணக்கு மாறக்கூடும், அதை இங்கிருந்து அடித்துச் சொல்லமாட்டேன்.

21சி பதிப்பிலிருந்து பாலிசி முறையை ஆரக்கிளே டெப்ரிகேட் செய்துவிட்டது, அதாவது இனி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. அட்மினிலிருந்து பாலிசிக்குப் போக ஒரு மாடிஃபை கட்டளை போதும், திரும்பி வர நேர்வழி இல்லை. கிளஸ்டரில் உள்ள டேட்டாபேஸின் பதிவை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். டேட்டா ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சர்வீஸ் வரையறைகள் போய்விடும். அதனால் நீக்குவதற்கு முன் ஒவ்வொரு சர்வீஸின் கான்ஃபிக் விவரத்தையும் எஸ்பிஃபைல் (டேட்டாபேஸின் அமைப்புக் கோப்பு) இருக்கும் பாதையையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.