கியூஜிஐஎஸ்: காசு கேட்காது, கவனம் கேட்கும்

வரைபடமும் அட்டவணையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதுதான் புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜிஐஎஸ். ஊர் எங்கே இருக்கிறது என்பதோடு அதன் மக்கள்தொகை, கிணற்று நீர்மட்டம், பள்ளி எல்லாமே அந்த இடத்தோடு சேர்ந்திருக்கும். ‘ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்கள் எவை?’ என்று கேட்டால் பதில் வரைபடமாகவே வரும்.

இந்த வேலைக்கு ஆர்க்ஜிஐஎஸ் என்ற வணிக மென்பொருளை வாங்கப் பணம் வேண்டும். கியூஜிஐஎஸ்ஸுக்கு வேண்டாம். கேரி ஷெர்மன் 2002-ல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவசம் என்பதால் அரைகுறை என்று நினைக்க வேண்டாம். மாவட்ட அளவிலான திட்டமிடலுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. தரவிறக்கும்போது ‘எல்டிஆர்’ என்று குறித்த நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். புதிய பதிப்பில் வசதிகள் முதலில் வரும், பிழைகளும் முதலில் வரும்.

மேலே கேட்ட கேள்வியையே செய்து பார்க்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு கூடிய ஊர்ப் பட்டியலையும் சுகாதார நிலையப் பட்டியலையும் எக்செல்லில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வடிவில் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ‘டிலிமிட்டட் டெக்ஸ்ட்’ வழியாக உள்ளே எடுக்கும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்தால் சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே கடலில் போய் விழும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது அடுத்த படியில். ஜிபிஎஸ் தரும் எண்கள் பாகையில் இருக்கும் (இந்த ஆயமுறையின் குறியெண் இபிஎஸ்ஜி 4326). அதன்மேல் 5000 என்று ‘பஃபர்’ (புள்ளியைச் சுற்றி வரையும் வட்டம்) போட்டால் 5000 மீட்டர் வராது, 5000 பாகை வரும். உலகமே வட்டத்துக்குள் அடங்கிவிடும். முதலில் உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கிழக்குக் கோடு மாநிலத்தின் ஊடாகப் போகிறது. சென்னை, திருச்சி, மதுரை 44-ஆம் மண்டலம் (குறியெண் 32644). கோவை, திருநெல்வேலி, நாகர்கோவில் 43-ஆம் மண்டலம் (குறியெண் 32643).

மாற்றுவதற்கு ‘ரீபுராஜெக்ட் லேயர்’ கருவியைப் பயன்படுத்துங்கள் (லேயர் என்பது ஒரே வகைத் தரவின் அடுக்கு). ‘செட் லேயர் சிஆர்எஸ்’ எண்களை மாற்றாது, எந்த ஆயமுறை என்ற பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். அதைச் சொடுக்கினால் புள்ளிகள் எங்கோ கடலில் கிடக்கும். இரண்டு கட்டளைகளும் வலது சொடுக்கில் அருகருகே இருந்திருந்தால் எச்சரிக்கையாவது பிறந்திருக்கும். இப்போது எளிதில் கைக்கு அகப்படுவது தவறான கட்டளைதான். இந்த மென்பொருளின் மிகப் பெரிய வடிவமைப்புக் குறை இதுவே.

பிறகு பஃபர் 5000, ‘டிசால்வ் ரிசல்ட்’ (வட்டங்களை ஒன்றாக இணைப்பது) குறியிட்டு ஓட்டுங்கள். ‘செலக்ட் பை லொகேஷன்’ கருவியில் ‘டிஸ்ஜாயின்ட்’ தேர்ந்தால் வட்டங்களுக்கு வெளியே இருக்கும் ஊர்கள் மஞ்சளாக ஒளிரும். ஆனால் இது நேர்கோட்டுத் தூரம். நடுவில் பாலமில்லாத ஆறு இருந்தால் 3 கிலோமீட்டர் ஊரும் உண்மையில் 15 கிலோமீட்டர் ஆகலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தின் சாலைகளை இறக்கி ‘சர்வீஸ் ஏரியா’ கருவியில் கொடுத்தால் சாலைவழித் தூரம் கிடைக்கும். மருத்துவ வசதி போன்ற விஷயத்தில் இந்தக் கூடுதல் உழைப்பைத் தவிர்க்கவே கூடாது.

பரப்பளவு கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். இணைய வரைபடப் பின்னணிப் படத்தின் ஆயமுறையிலேயே (இபிஎஸ்ஜி 3857) அடுக்கையும் வைத்து ‘ஏரியா’ சார்பால் தட்டையாகக் கணக்கிட்டால், சென்னை அட்சரேகையில் ஏரியின் பரப்பு சுமார் 5 விழுக்காடு கூடுதலாக வரும். டாலர் குறியிட்ட ‘ஏரியா’ பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும், அதையே நம்புங்கள்.

சேமிப்பில் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை விட்டு ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறிவிடலாம். ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயர் 10 எழுத்தைத் தாண்டாது. துணைக்கோப்புகளில் ஒன்று தொலைந்தாலும் அடுக்கு திறக்காமலோ இடம் தெரியாமலோ போகும். ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பு. கியூஜிஐஎஸ் திட்டக் கோப்புக்குள் தரவு இருக்காது, தரவு இருக்கும் பாதை மட்டுமே இருக்கும். அதை மட்டும் அனுப்பினால் வாங்கியவருக்கு வெற்று அடுக்குகளே தெரியும். கோப்புறையை முழுதாக அனுப்புங்கள். சிப் படம் ஒட்டிய அடுக்குகள் தற்காலிகமானவை, மூடினால் போய்விடும்.

பிறர் எழுதிச் சேர்க்கும் செருகுநிரல்களின் (பிளகின்) தரம் ஆளுக்கு ஆள் மாறும். மென்பொருள் திடீரென்று மூடிக்கொண்டால் முதலில் அவற்றை நிறுத்திப் பாருங்கள். களத்தில் புள்ளி எடுக்க கியூஃபீல்ட் செயலி போதும். ஆனால் கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். கிணறு, குழாய் குறிக்க அது சரி, பட்டா எல்லைக்கு உதவாது.